பரிசு எப்போது விழும்?

பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவின் குடியானவனுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. கரும்புக் கரணையை மண்ணில் ஊன்றினால் அது வெட்டுக்கு வரப் பத்து மாதமோ பன்னிரண்டு மாதமோ ஆகும். வெட்டிய கரும்பு கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குப் போய், எடை போட்டு, அதன் கிரயம் கைக்கு வந்து சேர மேலும் நாட்கள் செல்லும். மரவள்ளிக் குச்சியை நட்டவனும் கிழங்கு தோண்ட ஒன்பது, பத்து மாதம் காத்திருக்க வேண்டியவனே. நடுவில் சேர்வராயன் மலையில் மழை பெய்ய வேண்டும். வாணியாறு அணையில் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்த பிறகு விலையும் நன்றாயிருக்க வேண்டும். உழைப்புக்கும் பலனுக்கும் இடையே இவ்வளவு நீண்ட காலம் கிடக்கிற தொழில்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

கம்ப்யூட்டர்த் திரைக்குள் நடக்கும் விவசாயமோ வேறு மாதிரியானது. 2009-ம் வருஷத்தில் ஸிங்கா என்ற அமெரிக்கக் கம்பெனி ‘ஃபார்ம்வில்’ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் ஆளுக்கொரு நிலம் உண்டு. உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். ஸ்ட்ராபெரி விதைத்தால் 4 மணி நேரத்தில் பழம் பழுத்துவிடும். ஆனால் பழுத்ததும் வந்து பறித்துவிட வேண்டும். மிகவும் தாமதித்தால் பயிர் வாடிப்போகும். மழையும் வேண்டாம், எருவும் வேண்டாம்; சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நின்றால் போதும். கோடிக்கணக்கான ஜனங்கள் அப்படியே வந்து நின்றார்கள். ஒரு காணி நிலத்தைக் கண்ணால் பாராத பட்டணவாசிகளெல்லாம், இல்லாத பழத்தைப் பறிப்பதற்காக வேலையை விட்டும் தூக்கத்தை விட்டும் எழுந்து போனார்கள். அந்த விளையாட்டின் முதல் பதிப்பு 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அது கையாண்ட வித்தை மட்டும் மூடப்படவில்லை. இன்று எண்ணற்ற செல்போன்களில் அது குடியிருக்கிறது.

அந்த வித்தை என்ன? விளையாட்டில் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் ஒரு காசு பெறாது. ஒரு நட்சத்திரம், ஒரு பொற்காசின் படம், சற்றே மினுக்கும் ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். அதற்காகப் பசியை மறந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று பெற்றோர்கள் அதிசயப்படுகிறார்கள். பரிசின் அளவைக் காட்டிலும் அது வருகிற நேரத்துக்கு மனத்தின்மேல் அதிக ஆதிக்கம் உண்டு என்பதுதான் அதற்கு விடை. எப்போது கொடுப்பது, எப்போது கொடாமல் இருப்பது, எப்போது கொடுப்பதுபோல் காட்டிக் கையை இழுத்துக்கொள்வது என்னும் கணக்கு, ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் கதையையும், அது நம் வீட்டுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதையும் சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

சிக்கனத்தில் பிறந்த கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஸ்கின்னர் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். 1904-ல் பிறந்து 1990-ல் காலமானவர். வாலிபப் பருவத்தில் அவர் எலிகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். ஒரு பெட்டி, அதில் ஒரு நெம்புகோல், எலி அதை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை வந்து விழும். இந்த உருண்டைகளை மாத்திரை செய்யும் யந்திரத்தில் அவரே உருட்டிச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைப் பார்த்தார். எலிகள் தின்கிற வேகத்தில் திங்கட்கிழமை காலைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் போலிருந்தது. விடுமுறை நாளில் உட்கார்ந்து உருண்டை உருட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ‘ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஏன் கொடுக்க வேண்டும்? நிமிஷத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன?’ என்று நினைத்தார்; அப்படியே செய்தார்.

பரிசு குறைந்தது, எலியின் உழைப்பு நிற்கவில்லை. அது ஒரே சீராகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. இதைவிட ஆச்சரியமான விஷயம் பிறகு தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பரிசு பெற்றுப் பழகிய பிராணி, பரிசு நின்றவுடன் சீக்கிரமே சலித்து வேலையை விட்டுவிடும். எப்போதோ ஒரு தடவை பரிசு பெற்றுப் பழகிய பிராணியோ, பரிசு அடியோடு நின்ற பிறகும் வெகுநேரம் வேலையை விடாது. அதற்கு ஏமாற்றம் புதிதல்ல அல்லவா? ‘இதுவரை வராமல் இருந்து பிறகு வந்ததுண்டு, இப்போதும் வரலாம்’ என்று அது நினைப்பதாக நாம் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கின்னரும் அவருடைய சகாவான ஃபெர்ஸ்டரும் பிறகு புறாக்களை வைத்து இந்த விஷயத்தை விஸ்தாரமாக ஆராய்ந்து, 1957-ல் ஒரு பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்கள். பரிசு கொடுக்கும் முறைகளில் முக்கியமானவை நான்கு என்று அதிலிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்.

முதலாவது, இத்தனை வேலைக்கு இவ்வளவு என்று தீர்மானமான கணக்கு. ஆயிரம் செங்கல் அறுத்தால் இவ்வளவு கூலி என்பது இந்த ரகம். வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஆயிரம் முடிந்தவுடன் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளத் தோன்றும். புறாவும் அப்படித்தான் சற்று ஓய்ந்துவிட்டுப் பிறகு தொடங்கியது.

இரண்டாவது, இத்தனை காலத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். நமது பள்ளிக்கூடத்துப் பரீட்சையே போதும். ஜூன் மாதத்தில் புத்தகம் பெட்டிக்குள் உறங்குகிறது. மார்ச்சு நெருங்க நெருங்க விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. புறாவும் நேரம் நெருங்க நெருங்கத்தான் மும்முரமாகக் கொத்தியது.

மூன்றாவது, எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலக் கணக்கு. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போகிறவன் பஸ் நிற்குமிடத்தில் நின்றுகொண்டு, பஸ் வருகிறதா என்று அடிக்கடி சாலையை எட்டிப் பார்க்கிறான் அல்லவா? அந்த ரகம். செல்போனில் சேதி வந்திருக்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதும் இதே ரகம்தான்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் வலிமை வாய்ந்தது. எத்தனையாவது முயற்சிக்குப் பரிசு விழும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்ததற்கே விழலாம், ஐம்பதாவதற்கும் விழாமல் போகலாம். இந்த முறையில் பழகிய புறா, மூச்சு விடாமல் கொத்தியது. பரிசு கிடைத்த பின்பும் அதிகம் ஓயவில்லை. தூண்டில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவனும், சூதாட்ட யந்திரத்தின் பிடியை இழுப்பவனும் இந்தக் கணக்கில் அகப்பட்டவர்களே.

தாயமும் பரமபதமும்

இந்த நான்காவது கணக்கை நம்முடைய பாட்டிமார்கள் ஸ்கின்னருக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள், அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் ‘தாயம்’ ஆகிறவை 2 விதம் மட்டுமே. அதாவது எட்டில் ஒரு பங்கு. தாயம் விழுந்தாலன்றிக் காயை உள்ளே இறக்க முடியாது. ஒருத்திக்கு முதல் உருட்டிலேயே விழுகிறது. மற்றொருத்தி இருபது முறை உருட்டியும் வெளியிலேயே நிற்கிறாள். அவளை அந்த இடத்தை விட்டு எழுப்ப உங்களால் முடியுமா? “இதோ, இந்த ஒரு தடவை!” என்பாள்.

பரமபத சோபான படத்தின் கதை இன்னும் ருசிகரமானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்க வேண்டும். பகல் முழுவதும் பட்டினி கிடந்த உடம்பை இரவு முழுவதும் உறங்காமல் வைத்திருக்க எதனால் முடியும்? நம் பெரியோர்கள் அதற்கு இந்த விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். எந்த உருட்டில் ஏணி, எந்த உருட்டில் பாம்பு என்று தெரியாதவரையில் கண் இமைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனிதனைத் தூங்கவிடாமல் செய்யும் சக்தி நிச்சயமற்ற பரிசுக்கு உண்டு என்ற உண்மையை ஓர் இரவு விரதத்துக்கு உதவியாக வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்தப் படத்தின் உச்சியில் பரமபதம் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவன் ஜயித்துவிட்டான், ஆட்டம் முடிந்தது. பொழுது விடிந்ததும் படத்தைச் சுருட்டி மேலே வைத்துவிடுவார்கள்; அடுத்த ஏகாதசி வரும்வரையில் பல வீடுகளில் அதைத் தொடுவதில்லை. அதாவது விளையாட்டுக்குள்ளும் ஒரு முடிவு இருந்தது. விளையாட்டுக்கு வெளியிலும் ஒரு முடிவு இருந்தது. இன்றைய செல்போன் விளையாட்டுக்களில் பலவற்றைச் செய்தவர்கள் பாம்பையும் ஏணியையும் வைத்துக்கொண்டு, பரமபதத்தை மாத்திரம் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள்.

மூளைக்குள் நடப்பது

நிச்சயமின்மைக்கு ஏன் இத்தனை கவர்ச்சி என்பதற்குச் சமீப காலத்து ஆராய்ச்சிகள் ஓரளவு விளக்கம் தருகின்றன. ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் குரங்குகளின் மூளையில் டோபமின் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்களைக் கவனித்தார்கள். எதிர்பாராமல் வாயில் ஒரு துளிப் பழரசம் விழுந்தால் அந்த அணுக்கள் துடித்தெழுந்தன. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, ரசத்துக்கு அவை துடிக்கவில்லை; விளக்குக்குத்தான் துடித்தன. விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால், சரியாக ரசம் வரவேண்டிய கணத்தில் அவற்றின் துடிப்பு அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அவை அளக்கின்றன என்று 1997-ல் ஷூல்ட்ஸும் இரண்டு சகாக்களும் விளக்கினார்கள். 2003-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போதுதான் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் துடிப்பு மிக அதிகமாக ஏறுகிறது என்று காட்டிற்று.

‘கொஞ்சத்தில் தவறிவிட்டது’ என்பதற்கும் ஒரு தனி சக்தி உண்டு. சூதாட்ட யந்திரத்தில் இரண்டு படங்கள் ஒன்றாக நின்று, மூன்றாவது படம் ஒரு கட்டம் தள்ளி நின்றால் அது தோல்விதான். அடியோடு தவறியதற்கும் அதற்கும் காசில் வித்தியாசம் இல்லை. ஆயினும் ஜயிக்கும்போது மூளையில் விழித்துக்கொள்ளும் சில பாகங்கள், இந்த மயிரிழைத் தோல்வியின்போதும் விழித்துக்கொள்கின்றன என்று 2009-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆடியவர்களுக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. மறுபடியும் ஆடும் ஆசையை மட்டும் தந்தது.

தொழிற்சாலையில் செய்த ஆவல்

இனி, இந்தச் சரக்குகளையெல்லாம் விளையாட்டுக்களில் எவ்விதம் சேர்க்கிறார்கள் என்று பார்க்கலாம்.

2012-ல் வெளிவந்த ‘கேண்டி க்ரஷ்’ என்ற மிட்டாய் விளையாட்டில் ஆடுகிறவருக்கு 5 உயிர்கள் உண்டு. ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்பி வர 30 நிமிஷம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் எல்லாம் திரும்ப இரண்டரை மணி நேரம் வேண்டும். காத்திருக்கலாம்; பொறுக்காவிட்டால் பணம் கொடுத்து வாங்கலாம். முதலில் சொன்ன ஸ்ட்ராபெரி வயலைப் போலவே, விளையாடாத நேரத்திலும் விளையாட்டின் ஞாபகம் இருக்கும்படி செய்கிற உபாயம் இது. அநேக விளையாட்டுக்களில் தினந்தோறும் வந்தவர்களுக்குத் தினம் ஒரு பரிசு, ஏழாம் நாள் பெரிய பரிசு என்று ஏற்பாடு உண்டு. ஒரு நாள் தவறினால் சிலவற்றில் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியல்கூட இவ்வளவு கண்டிப்பாக இராது!

இதற்கும் மேலே ஒரு படி போவது ‘அதிருஷ்டப் பெட்டி’. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கித் திறக்க வேண்டும். 2020-ல் வெளிவந்த ‘ஜென்ஷின் இம்பாக்ட்’ என்ற விளையாட்டில் மிக உயர்ந்த ரகப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம் என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்தவுடன் நமக்குள்ளிருக்கும் கணக்கு வாத்தியார் சும்மா இருக்கமாட்டார். இந்த வாய்ப்பில் நூறு பேர் ஆளுக்கு 50 முறை இழுத்தால், ஏறக்குறைய 74 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 90-வது இழுப்புக்குள் ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்ற ஒரு சலுகையும் அதில் உண்டு. அது கருணையாகவும் இருக்கலாம். ஐம்பதில் நிறுத்த நினைத்தவனைத் தொண்ணூறு வரையில் கைப்பிடித்து அழைத்துப் போகும் வழியாகவும் இருக்கலாம். இவ்வகைப் பெட்டிகளில் வாய்ப்பு எவ்வளவு என்பதை வெளியிட்டே தீரவேண்டும் என்று சீனா 2017-ல் விதித்தது. பணம் கொடுத்து வாங்கும் அதிருஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதமானவை என்று பெல்ஜியம் 2018-ல் சொல்லிவிட்டது.

விளையாட்டு செய்கிறவர்கள் எல்லோரும் வஞ்சகர்கள் என்பது நமது கட்சியல்ல. ஆவலைத் தூண்டாத விளையாட்டு விளையாட்டே அல்ல. அடுத்த பக்கத்தைப் புரட்டத் தூண்டாத தொடர்கதையை யார் படிப்பார்கள்? ஒரு கடினமான கட்டத்தைப் பத்து முறை முயன்று, கை தேறி, பதினோராவது முறை தாண்டும் சிறுவன் அடையும் சந்தோஷம் நியாயமானது. அது திறமைக்குக் கிடைத்த பரிசு. பரிசு திறமையை விட்டுப் பிரிந்து, கடிகாரத்தின் கையிலும் குருட்டு அதிருஷ்டத்தின் கையிலும் போய்ச் சேரும்போதுதான் விளையாட்டு வேறொன்றாக மாறுகிறது.

சட்டம் கண்ட கடிகாரம்

பணம் வைத்து ஆடுகிற ஆட்டம் எங்கே போய் முடியும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமல்ல. திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனுக்கு உவமை சொன்னார். நம் காலத்திலே லாட்டரியைப் பார்த்தோம். 1968-ல் சர்க்காரே நடத்தத் தொடங்கிய லாட்டரி, வெளி மாகாணச் சீட்டுக்களும் சேர்ந்துகொள்ள, மூலை முடுக்கெல்லாம் பரவியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சீட்டை வாங்கியவன் குலுக்கல் தேதிவரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் புத்தி சற்றுத் தெளிய அவகாசம் இருந்தது. குலுக்கல்கள் நெருங்கி வர வர அந்த அவகாசம் போயிற்று. 1998-ல் இயற்றப்பட்ட மத்திய லாட்டரிச் சட்டம், எந்த லாட்டரிக்கும் வாரத்துக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும், ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது என்றும் விதித்ததன் பொருள் இதுதான். பரிசின் தொகையைக் காட்டிலும் பரிசு விழுகிற வேகம் ஆபத்தானது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையே தடை செய்யப்பட்டது.

பிறகு செல்போனில் ரம்மி வந்தது. வாரத்துக்கு ஒரு குலுக்கல் போய், சில நிமிஷத்துக்கு ஓர் ஆட்டம் என்று ஆயிற்று. கடனாளியானவர்களையும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களையும் பற்றிப் பத்திரிகைகளில் நாம் படித்த செய்திகள் ஒன்றிரண்டல்ல. 2020 நவம்பரில் பிறந்த அவசரச் சட்டம் 2021-ல் சட்டமாயிற்று. அதைச் சென்னை ஹைகோர்ட்டு 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதன்பின் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை அதை மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, அவற்றை மட்டும் அந்தத் தடையிலிருந்து அவ்வாண்டு நவம்பரில் ஹைகோர்ட்டு விலக்கியது.

2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நமது விஷயத்துக்கு மிகவும் நெருங்கியவை. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரையில் மூடிவைக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆடுகிறவருக்கு அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை காட்ட வேண்டும். கம்பெனிகள் வழக்காடின. 2025 ஜூன் 3-ந் தேதி ஹைகோர்ட்டு அந்த விதிகள் செல்லும் என்றது. தோற்றவன் தோற்றதை மீட்கத் துடிக்கும் வேளை நடு இரவே என்பதை அறிந்து, அங்கே ஒரு விடியலை நுழைக்க முயன்ற சட்டம் இது. அதே ஆகஸ்டில் பார்லிமெண்டு, திறமையென்றும் அதிருஷ்டமென்றும் பேதம் பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் பல தங்கள் பண ஆட்டங்களை அம்மாதமே நிறுத்திக்கொண்டன.

பணம் இல்லாத சூது

இத்துடன் நமது கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. பிள்ளைகள் ஆடுவது ரம்மியல்ல. 2020-ல் கொள்ளை நோய்க்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, செல்போன் பாடப் புத்தகத்தின் ஸ்தானத்தில் நம் வீடுகளுக்குள் மரியாதையாக நுழைந்தது. பாடம் திரும்பிப் போன பிறகும் அது போகவில்லை. ‘பப்ஜி’ என்ற துப்பாக்கி விளையாட்டை 2020 செப்டம்பரில் சர்க்கார் தடுத்தது; 2021 ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. ‘ஃப்ரீ ஃபயர்’ 2022-ல் தடுக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பு இருந்துகொண்டே இருந்தது. இவற்றில் பந்தயப் பணம் இல்லை; பந்தயமாக வைக்கப்படுவது பிள்ளையின் பொழுது. அதைக் கணக்கிடும் சட்டம் இங்கே இல்லை. சீனாவில் மட்டும் 2021-ல், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரையில்தான் இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தார்கள். நம் ஊரில் அந்தக் கடிகாரத்தை வீடும் பள்ளிக்கூடமும்தான் வைக்க வேண்டும்.

நமது வகுப்பில் ஒரு பையன், எட்டாவது படிக்கிறவன், நன்றாகப் படித்துக்கொண்டிருந்து திடீரென்று காலை வேளைகளில் தூங்கி விழ ஆரம்பித்தான். “ராத்திரி எதற்காக இவ்வளவு நேரம் ஆடுகிறாய்? ஜயித்தவுடன் நிறுத்திவிடக் கூடாதா?” என்று கேட்டோம். “ஜயிச்சா இன்னொண்ணு ஆடலாம்னு தோணுது ஸார், தோத்தா ஜயிச்சுட்டு நிறுத்தலாம்னு தோணுது ஸார்” என்றான். புறாவுக்குப் பேச்சு வந்திருந்தால் ஸ்கின்னருக்கு அது இந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வியாதி என்று பயப்பட வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒன்று. ஆனால் ஆட்டத்தை அடக்க முடியாமை, மற்றக் காரியங்களையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளுதல், கெடுதல் விளைந்தும் விடாமல் தொடர்தல் ஆகிய மூன்றும், சாதாரணமாக ஒரு வருஷ காலமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அந்த நிலைக்கு வந்தவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்தி வருகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

விளையாட்டிலிருந்து வரும் மணியோசைகளையும் சேதிகளையும் நிறுத்திவையுங்கள். பிள்ளை விளையாட்டைத் தேடிப் போகட்டும், விளையாட்டு பிள்ளையைத் தேடி வர வேண்டாம். பணம் அனுப்பும் வசதியும் அதன் ரகசிய எண்ணும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். முடிவை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு ஆட்டம், பிறகு போனை என்னிடம் கொடுத்துவிடு” என்பது, பாதி ஆட்டத்தில் பறிப்பதைவிட நியாயமானது. ஆட்டத்துக்குள் பரமபதம் இல்லாதபோது வெளியிலாவது ஒன்று இருக்க வேண்டும்.

உபாத்தியாயர்களாகிய நாமும் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. செல்போனில் பிள்ளை ஒரு காரியம் செய்தால், சரியா தவறா என்று அரை விநாடியில் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் அவன் எழுதிய விடைத்தாள் மூன்று வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. அதற்குள் கேள்வியே அவனுக்கு மறந்து போய்விடுகிறது. ஐந்து கணக்குக் கொடுத்து அங்கேயே திருத்திக் கொடுத்தால், அதே மனம் இங்கேயும் விழித்துக்கொள்கிறது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை பார்க்கிறோம். உடனுக்குடன் பதில் சொல்லும் வித்தையை விளையாட்டுக்காரர்களிடமிருந்து கடன் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலனைக் கண்டு ருசித்த பிள்ளைதான், பின்னால் ஒரு வருஷத்துப் பலனுக்காகவும் பொறுமையாக உழைக்கக் கற்றுக்கொள்கிறான்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை செல்போன் கேட்டு அழுகிறது. “இல்லை” என்கிறோம். மறுபடி அழுகிறது, மறுபடி “இல்லை” என்கிறோம். ஒன்பது தடவை மறுத்துவிட்டுப் பத்தாவது தடவை, அடுப்பில் குழம்பு தீய்கிறதே என்ற அவசரத்தில், “எடுத்துத் தொலை!” என்று கொடுத்துவிடுகிறோம். மறு நாள் ஆறாவது தடவையிலேயே கொடுக்கிறோம். அதற்கு மறு நாள் பதினைந்தாவதில். எத்தனையாவது அழுகைக்குப் பரிசு விழும் என்று பிள்ளைக்குத் தெரியாது; ஆனால் விழும் என்பது தெரியும். ஸ்கின்னரின் நான்கு கணக்குகளில் மிக வலியது எது என்று மேலே பார்த்தோமே, அதையே நாம் நம் வீட்டுக் கூடத்தில் நடத்திக்கொண்டிருக்கிறோம். அழுகை நிற்கவில்லையே என்று ஆச்சரியமும் படுகிறோம். கொடுப்பதானால் முதல் தடவையே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடலாம்; இல்லையென்றால் பதினைந்தாவது தடவையும் அது ‘இல்லை’யாகவே இருக்கட்டும். குழம்பு தீய்ந்தாலும் பரவாயில்லை.